இரண்டாம் தட்டில் ஒரு பாங்கு

பிராட்போர்ட்,
11.02.1973

அன்புள்ள ராத்தாவுக்குத் தம்பி புஹாரி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் மச்சானும் வாப்பாவும் சுகத்தோடு இருக்க அல்லாஹ் அருள வேண்டும்.

மில்லில் இன்னும் இரவு வேலைதான். பனி முழங்காலுக்கு விழுந்து கிடக்கிறது. இருந்தாலும் இன்று ஒரு புதினச் செய்தி எழுத உட்கார்ந்தேன்.

என் அறையில் இருக்கும் பாகிஸ்தான்காரன் அன்வர் லீவு நாட்களில் ஒரு தேநீர் வண்டி ஓட்டுகிறான் என்று முன்பே எழுதியிருந்தேன். போன வருஷம் மே மாதக் கடைசியில் அதை ஒரு பாட்டுத் திருவிழாவுக்குக் கொண்டுபோனோம். வயல்வெளியில் மேடை போட்டு, மூன்று நாள் இரவும் பகலும் ராக் பாட்டு. மூன்று நாளும் மழை. இடுப்புவரை சேறு பூசிய இளைஞர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில். மேடைக்குப் பின்னால் எங்கள் வண்டி. ஊற்றியது நம் ஊவாத் தேயிலை, ராத்தா. பெட்டியில் தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் முத்திரை இருந்தது.

அந்தப் பாட்டு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சிரிக்காதீர்கள். அவ்வளவு சத்தம்! வண்டியில் இருந்த கோப்பைகளெல்லாம் நடுங்கின.

இரண்டாம் நாள், ஒரு கூட்டத்தார் பாடிவிட்டு இறங்கினார்கள். மழையில் ஏதோ வயர் பழுதாகி அடுத்தவர்கள் ஏறத் தாமதமானது. இங்கே மே மாதத்தில் அந்தித் தொழுகையான மஃரிப் ஒன்பது மணிக்கு மேல்தான். அன்வர் தொழுகைக்கு விரிப்பைப் போட்டான். நான் அந்தத் தேயிலைப் பெட்டி மேல் ஏறி நின்று தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னேன். ஊரை விட்டு வந்த பிறகு அப்படி வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

இப்போது அந்தத் திருவிழாவில் பாடியவர்களின் பாட்டுகளைச் சேர்த்து மூன்று இசைத்தட்டாக வெளியிட்டிருக்கிறார்கள். கைத்தட்டலும் மழையும்கூட அப்படியே இருக்கிறதாம். இரண்டாம் தட்டின் முதல் பக்கத்தில், மூன்றாம் பாட்டு முடிந்ததும் என் பாங்கின் தொடக்கம் இருக்கிறது என்று அன்வர் குதிக்கிறான். மேடையில் இருந்த மைக் பிடித்துக்கொண்டதாம்.

கப்பல் தபாலில் அனுப்புகிறேன். கேட்டுவிட்டு எழுதுங்கள். வாப்பாவுக்குச் சொல்வது உங்கள் இஷ்டம். வஸ்ஸலாம்.

தம்பி,
புஹாரி


பதுளை,
28.05.1973

என் ஆசைத் தம்பி புஹாரிக்கு ராத்தா ஸைனப் எழுதும் பதில். வஅலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் சுகம். உன் இருமல் எப்படி என்று நீ எழுதவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

பார்சல் வந்து சேர்ந்தது. சுங்கத்தில் கிடந்ததை, வெலிமடைக் கிழங்கு லொறியோடு கொழும்புக்குப் போன உன் மச்சான் இப்றாஹீம்தான் மீட்டு வந்தார். உறையில் இருக்கும் படத்தைப் பார்த்தேன். அத்தனை பேரில் ஒருவராவது தலை சீவியிருக்கக் கூடாதா? வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "என்ன இது, வெள்ளத்துல அடிபட்ட சனமா?" என்று கேட்டார். யார் அனுப்பியது என்று கேட்கவில்லை.

அவர் கதை உனக்குத் தெரியும். கடையை ஏற்று நடத்தச் சொன்ன பேச்சை மீறி நீ காலை ரயிலில் ஏறிப் போனாயே, அன்றிலிருந்து உன் பெயர் அவர் வாயில் வரவில்லை. ஆனால் உன் கடிதத்தை நான் எனக்கே வாசிப்பதுபோலச் சத்தமாக வாசிக்கும்போது மட்டும் ரேடியோவை நிறுத்திவிடுவார். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் வாசித்தேன். பாங்கு என்று வந்த இடத்தில் எழுந்து முகம் கழுவப் போனார்.

தட்டைப் போட்டுக் கேட்க வழியில்லை. பாட்டுப் பெட்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்பது வாப்பாவின் சட்டம். பஜாரில் ஸ்பீக்கர் செட் வாடகைக்குவிடும் கணபதி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்தான். கடையில் ஆம்பிளைகளுக்கு நடுவே போய் நான் உட்கார முடியாது. "நீங்க மேல் மாடி சன்னல்ல நில்லுங்க தங்கச்சி, நான் குழாயில போட்டுவுடுறேன்" என்கிறார். ஆனால் அவர் பெட்டியின் ஊசி தேய்ந்துபோய்விட்டது. இறக்குமதி நின்றதால் ஊசி எங்கேயும் கிடைக்கவில்லை.

எப்போது வருவாய்? ஏழு வருஷம் போதாதா?

உன் ராத்தா,
ஸைனப்


பிராட்போர்ட்,
20.06.1973

அன்பு ராத்தாவுக்கு, சலாம். நான் சுகம். இருமல் இல்லை.

தேய்ந்த ஊசியால் ஒருபோதும் போடவிட வேண்டாம். பழைய கையால் சுற்றும் பெட்டியிலும் வைக்க வேண்டாம். உழுதுவிடும்.

கேட்டதும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பாட்டு எப்படி, கூட்டத்தின் சத்தம் எப்படி, பாங்கு எப்படி. 'நல்லாயிருந்தது' என்று ஒரே வார்த்தையில் முடிக்கக் கூடாது. வாப்பாவின் மூட்டு வலிக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

புஹாரி


பதுளை,
24.07.1973

அன்புத் தம்பிக்கு, ராத்தாவின் சலாமும் துஆவும். தைலம் கிடைத்தது. "ஆர் அனுப்பின?" என்று கேட்காமலே வாப்பா தேய்த்துக்கொள்கிறார். வலி குறைந்திருக்கிறதாம். அதையும் என்னிடம் சொல்லவில்லை, பூனையிடம் சொன்னார்.

ஊசி இன்னும் கிடைக்கவில்லை. கொழும்பில் மச்சான் நான்கு கடை ஏறி இறங்கிவிட்டார். மாவுக்கும் சீனிக்குமே வரிசையில் நிற்கிற காலத்தில் பாட்டு ஊசி கேட்டால் சிரிக்கிறார்களாம்.

நீ கேட்டதற்கெல்லாம் நான் பதில் எழுதுகிறேன். நான் கேட்கும் ஒன்றை மட்டும் நீ தாண்டிக்கொண்டு போகிறாய். சரி, நானே எழுதுகிறேன். வாப்பாவுக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. துணிக் கடையில் பாதி நாள் உன் மச்சான்தான் இருக்கிறார். கொழும்பு ரயில் வரும் நேரத்துக்கு மட்டும் வாப்பா நாற்காலியை வெளியே போட்டு உட்காருகிறார். காற்றுக்காம். அந்த நேரத்தில் பதுளையில் என்ன காற்று? ரயிலில் வந்தவர்களெல்லாம் கடந்து போனபிறகு நாற்காலியை உள்ளே எடுத்துவிடுகிறார். இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கொழும்பில் இருந்து டெலிபோன் பேசலாமாம். உன் வீட்டுக்காரரிடம் போன் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த நம்பரை அனுப்பு. உன் சத்தத்தைக் கேட்டுச் சண்டை பிடித்தால்தான் எனக்கு ஆறும்.

ஸைனப்


பிராட்போர்ட்,
10.09.1973

அன்புள்ள ராத்தாவுக்கு, சலாம். நோன்பு நெருங்குகிறது. உங்கள் கஞ்சியை நினைத்துக்கொண்டு இங்கே ரொட்டியைக் கடிக்கப் போகிறேன். எல்லோருடைய நோன்பையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி ஊசி வைத்திருக்கிறேன். கணபதி அண்ணனுக்கு என் சலாம்.

டெலிபோன் வேண்டாம் ராத்தா. வீண் செலவு. ஒன்றும் சரியாகப் பேச முடியாது. கடிதம் போதும். கேட்டதும் எழுதுங்கள், மறந்துவிடாதீர்கள்.

புஹாரி


பதுளை,
18.10.1973

என் கண்ணான தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. நீ அங்கே இருந்துகொண்டு செய்த வேலையைக் கேள்.

ஊசி திங்கட்கிழமை கிடைத்தது. தீபாவளிக்குத் தோட்டத்துக் கோயிலுக்குப் போகக் கணபதி அண்ணன் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு போடுவதாகச் சொல்லியனுப்பினார். நான் மேல் மாடி ஜன்னலில் நின்றேன். முதல் பாட்டு வந்தது. யா அல்லாஹ், அது பாட்டா? தகரக் கடையில் சண்டை என்று நினைத்தேன். எதிர்க் கடை மாடசாமி காதில் விரலை விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். இரண்டாம் பாட்டு கொஞ்சம் பரவாயில்லை, ஒருவன் அழுதான். மூன்றாம் பாட்டு முடிகிற நேரம், கரண்டு போய்விட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கஞ்சி அடுப்பைப் பார்க்கக் கீழே இறங்கிவிட்டேன்.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியது. மழை இருட்டில் வானம் தெரியவில்லை. வாப்பாவும் மச்சானும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தெரு முழுக்கக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு பள்ளிக் குழாய்க்குக் காது கொடுத்துக் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. பெட்டியை நிறுத்தாமல் கணபதி அண்ணன் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார். தட்டு விட்ட இடத்திலிருந்து தானாகச் சுற்றியிருக்கிறது.

"அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்."

தம்பி, உன் சத்தம். மழைக்குள்ளிருந்து மழைக்குள் வந்தது. வாப்பா கையில் இருந்த ஈத்தம்பழத்தை வாயில் வைத்துவிட்டார். மச்சான் மணிக்கூட்டைப் பார்த்துப் பதறினார்.

"மாமா, இன்னும் நேரம் ஈக்கே!"

"என்ட மகன் புஹாரி சொல்லிட்டான். அவன் நேரம் தவறமாட்டான்."

ஏழு வருஷத்துக்குப் பிறகு உன் பெயர்! நான் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். நீ இரண்டாவது முறை தக்பீர் சொன்னாய். அதோடு ஆயிரம் பேர் கை தட்டினார்கள். பிறகு அந்தத் தகரக் கடைச் சண்டை மறுபடி தொடங்கியது. பஜார் முழுக்க வாயில் பழத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் பள்ளியில் உண்மையான பாங்கு சொன்னார்கள்.

தொழுகை முடிந்து பெரிய பஞ்சாயத்து. கணபதி அண்ணன் நனைந்துகொண்டு நம் வாசலுக்கே வந்துவிட்டார். "மொதலாளி, சத்தியமா நான் போடலீங்க. கரண்டுதாங்க போட்டுச்சு" என்று கும்பிட்டார். பள்ளி ஆலிம்சா சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேண்டுமென்று செய்தது இல்லை, குற்றமில்லை, திறந்தவர்கள் எல்லோரும் பெருநாளுக்குப் பிறகு ஒரு நோன்பு கழாச் செய்து ஈடுகட்டுங்கள் என்றார். அங்கிருந்து பாங்கு சொன்ன உனக்கு இப்போது பஜாரில் பெயர் 'இங்கிலாந்து மோதினார்'.

வாப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தோள் குலுங்கியது. வந்துவிடு தம்பி. இனி உனக்குத் தடை ஒன்றும் இல்லை.

ஸைனப்


பிராட்போர்ட்,
05.11.1973

அன்புள்ள ராத்தாவுக்கு, சலாம். பெருநாள் வாழ்த்துகள். உங்கள் கடிதத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது. அன்வருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், அவன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நோன்பு கெட்டவர்கள் எல்லோரிடமும் எனக்காக மன்னிப்புக் கேளுங்கள்.

ஆனால் நான் கேட்டதை நீங்கள் எழுதவில்லை. என் சத்தம் எப்படி இருந்தது? நடுங்கியதா? முதலாவதை அளவாக இழுத்தேனா, கத்தினேனா? பழைய சத்தம்தானா, மாறியிருந்ததா? வாப்பா உண்மையிலேயே சத்தத்தை வைத்தா கண்டுபிடித்தார்? தயவுசெய்து சரியாக எழுதுங்கள்.

புஹாரி


பதுளை,
02.12.1973

தம்பி புஹாரிக்கு ராத்தாவின் சலாம். வாப்பாவுக்குச் சளி, மற்றபடி சுகம்.

உன் கடிதம் எனக்குச் சரியாகப் படவில்லை. தட்டு உன் அறையிலேயே இருந்தது. நீயே கேட்டிருப்பாயே, என்னிடம் ஏன் விசாரிக்கிறாய்? பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். 'அன்வர் குதிக்கிறான்' என்றுதான் எழுதியிருக்கிறாய். 'கேட்டேன்' என்று எங்குமே இல்லை.

அதனால் நீ வேண்டாம் என்ற வேலையைச் செய்தேன். உன் வீட்டுக்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்தோம். போன கிழமை மச்சானோடு லொறியில் ஏறி, லீக்ஸ் மரக்கறியின் வாசனையோடு கொழும்புக்குப் போய், மச்சானின் கூட்டாளி கடையில் பாதி நாள் காத்திருந்து டெலிபோன் கோல் எடுத்தோம். அன்வர் உன்னை அழைத்து வந்தான். நடந்ததை எழுதுகிறேன், நீ வாசித்துத் தெரிந்துகொள்.

"தம்பி, நான் ராத்தா" என்றேன். "நல்லா ஈக்கிறேன் ராத்தா" என்றாய். "எப்ப வாற?" என்றேன். "நல்லா ஈக்கிறேன், குளிர்தான்" என்றாய். "வாப்பாவுக்குச் சுகமில்லடா" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ், சந்தோஷம்" என்றாய். சோதித்துப் பார்ப்போம் என்று, "புஹாரி, நான் மௌத்தாகிட்டேன்" என்று உயிரோடு நின்றுகொண்டே சொன்னேன். "எல்லாருக்கும் சலாம் சொல்லுங்க" என்றாய்.

மச்சான் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு அந்தக் கடைக்குள் ஆம்பிளைகளுக்கு முன்னால் நின்று வாய்விட்டு அழுதேன்.

உனக்குக் காது கேட்கவில்லை, அப்படித்தானே? எத்தனை காலமாக? ராத்தாவிடம் மறைக்கும் அளவுக்கு நீ எப்போது பெரிய ஆளானாய்?

நீ கேட்டதற்குப் பதில். சத்தம் நடுங்கவில்லை. அளவாகத்தான் இழுத்தாய். கொஞ்சம் கனத்திருக்கிறது, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டால் பள்ளி முற்றத்தில் நின்று பாங்கு சொல்லும் அதே புஹாரி. வாப்பாவுக்குச் சத்தம் மட்டும் போதுமாயிருந்தது, அன்று அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பஜாரில் எல்லோரும் அந்த ஒரு நோன்பைப் பிடித்து முடித்துவிட்டார்கள். வாப்பா மட்டும் இன்னும் பிடிக்கவில்லை. தொழுகையில் ஒரு ரக்அத் தவறவிடாத மனிதர். கேட்டால், "அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் பூனையைத் தடவுகிறார்.

ஸைனப்


பிராட்போர்ட்,
29.12.1973

என் ராத்தாவுக்கு, சலாம்.

ஆம். மூன்று வருஷமாகிறது. தறிச் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மில்லில் பழைய ஆட்கள் பாதிப் பேர் இப்படித்தான், உதட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வோம். இனித் திரும்பாது என்று டாக்டர் எழுதிக் காட்டிவிட்டார்.

அந்தத் திருவிழாவுக்குத் தேநீர் விற்கத்தான் போனேன். ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்குப் பாட்டுக் கேட்டது, ராத்தா! அவ்வளவு பெரிய சத்தம் என்பதால் எனக்கும் கேட்டது. மூன்று நாளும் மழையில் நின்று அழுதேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் பெட்டி மேல் ஏறினேன். ஆனால் பாங்கு சொன்னபோது என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சரியாக வந்ததா, பிழையாக வந்ததா, அதுகூடத் தெரியாது. அதற்காகத்தான் தட்டை அனுப்பினேன். அன்வர் நல்லவன், எனக்காகப் பொய்யும் சொல்வான். நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

நான் வரமாட்டேன். வாப்பாவின் பேச்சை மீறி வந்தவன், செவிடனாகத் திரும்பி அவர் கடையில் எப்படி நிற்பது? நம் ஊர்க்காரர்கள் வெற்றிலை வாயோடு பேசுகிறவர்கள், யாருடைய உதட்டை நான் வாசிக்க? ஊரில் வாப்பா பெருமையாகச் சொன்னது என் பாங்கு ஒன்றைத்தான். அது அந்தத் தட்டில் இருக்கிறது. அது போதும், அவர் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும். அவரிடம் சொல்ல வேண்டாம். இது மட்டும் என் வேண்டுகோள்.

தம்பி,
புஹாரி


பதுளை,
24.01.1974

786

சீரும் சிறப்பும் பெற அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டு, மகன் புஹாரிக்கு வாப்பா இத்ரூஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குச் சளி போய்விட்டது. தைலம் முடிந்துவிட்டது.

ஸைனப் மேல் கோபிக்க வேண்டாம். அவள் சொல்லவில்லை. வழக்கம்போல் உன் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள், இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டாள். மீதியை நான் வாங்கி வாசித்தேன். அதன் பிறகு பத்து நாள் எழுத உட்கார்ந்து எழுந்தேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, துணியை அளந்துதான் பழக்கம்.

நீ என் சொல் கேளாமல் போனது எனக்கு வலித்தது. நான் ஏழு வருஷம் பேசாமல் இருந்தது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைக்கிறேன். உன் காதில் சத்தம் இருந்த காலத்தில் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இனிப் பேச முடியாது என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். கடையில் ஒரு கரும்பலகை வாங்கி மாட்டியிருக்கிறேன். வாடிக்கைக்காரர் வேண்டியதை அதில் எழுதட்டும். எழுதத் தெரியாதவர்கள் துணியைத் தொட்டுக் காட்டட்டும். நான் வெற்றிலையை விட்டுவிட்டேன்.

செவிடனாக எப்படி நிற்பது என்று கேட்டிருக்கிறாய். பாங்கு சொல்கிறவன் தான் கேட்பதற்காகவா சொல்கிறான்? கேட்க நாங்கள் இருக்கிறோம்.

ஒரு நோன்பு இன்னும் என் கணக்கில் நிற்கிறது. நீ சொல்லித் திறந்த நோன்பு. அடுத்த ரமழானுக்குள் அதைக் கழாச் செய்தாக வேண்டும், தவணை உனக்குத் தெரியும். நீ வந்தபிறகு ஒரு நாள் பிடிப்பேன். முற்றத்தில் மணிக்கூட்டுடன் உட்கார்ந்திருப்பேன். நேரம் வந்ததும் கையைத் தூக்குவேன். நீ சொல்.

நீ சொல்லாமல் திறக்கமாட்டேன்.

வாப்பா,
இத்ரூஸ்